நகரப் போக்குவரத்தில் மெட்ரோ ரயிலின் தாக்கம்: சென்னை அனுபவம்

மெட்ரோ ரயில் என்பது நகருக்குள் தனிப் பாதையில், குறைந்த இடைவெளியில், மின்சாரத்தால் இயங்கும் பயணிகள் ரயில் ஆகும். இதன் தடம் சாலைக்கு மேலே தூண்பாலத்திலோ சாலைக்குக் கீழே சுரங்கத்திலோ அமைகிறது. எனவே சிக்னலும் சாலை நெரிசலும் இதன் வேகத்தைப் பாதிப்பதில்லை. தமிழ்நாட்டின் முதல் மெட்ரோ ரயில் சென்னையில் 2015 ஜூன் 29 அன்று ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் நகரின் பயண நேரம், பேருந்துப் பயன்பாடு, சாலைகளின் நிலை, பயணச் செலவு, வெளியூர்ப் பயணிகளின் வருகை ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது. ரயில் தடம் மட்டுமே ஒரு நகரின் போக்குவரத்தை மாற்றிவிடுவதில்லை. அந்தத் தடம் பேருந்து, நடைபாதை, புறநகர் ரயில் ஆகியவற்றோடு எப்படி இணைகிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. இதுவே சென்னை அனுபவம் காட்டும் முக்கியமான பாடம்.

முன்வரலாறு

நகர ரயில் சென்னைக்குப் புதியதன்று. 1895-இல் மதராஸ் நகரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. அந்தச் சேவை 1953-இல் நிறுத்தப்பட்டது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் சேவை தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் போன்ற புறநகர்கள் வளர்ந்ததில் இந்தத் தடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்து வந்தது, மக்கள் 'பறக்கும் ரயில்' என்று அழைக்கும் உயர்மட்ட ரயில். இது 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் நீண்டது. நகரின் நெருக்கமான பகுதிகள் வழியாகச் சென்றும் பல ஆண்டுகள் இந்த ரயிலில் எதிர்பார்த்த கூட்டம் இல்லை. பிரமாண்டமான நிலையக் கட்டடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. நிலையத்தின் வாசலில் பேருந்து இல்லாமையும், இரவில் நிலையங்களில் பாதுகாப்பு உணர்வு குறைவாக இருந்ததும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான சுமார் 5 கி.மீ. இணைப்பு நிலம் கையகப்படுத்தும் சிக்கலால் பல்லாண்டுகள் தாமதமானது. அதனால் இந்தத் தடம் தெற்கு முனையில் வேறு எந்த ரயிலோடும் சேராமல் நின்றது. பின்னர் வந்த மெட்ரோவின் திட்டமிடலுக்கு இது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டிய அனுபவம்.

சென்னை மெட்ரோவின் உருவாக்கம்

தமிழ்நாடு அரசு 2007-இல் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தை உருவாக்கியது; பின்னர் அது மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் சம பங்கு கொண்ட கூட்டு நிறுவனமாக மாறியது. 2009 ஜனவரியில் முதற்கட்டத் திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. செலவின் பெரும்பகுதி ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனாக வந்தது. தடம் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது:

- 2015 ஜூன்: கோயம்பேடு – ஆலந்தூர்
- 2016 செப்டம்பர்: சின்னமலை – விமான நிலையம்
- 2017 மே: திருமங்கலம் – நேரு பூங்கா (முதல் சுரங்கப் பகுதி)
- 2018 மே: நேரு பூங்கா – சென்ட்ரல், சைதாப்பேட்டை – ஏ.ஜி.-டி.எம்.எஸ்.
- 2019 பிப்ரவரி: ஏ.ஜி.-டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டை
- 2021 பிப்ரவரி: வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர்

இவ்வாறு திறக்கப்பட்ட இரண்டு வழித்தடங்கள் சுமார் 54 கி.மீ. நீளத்துக்கு இயங்குகின்றன. நீல வழித்தடம் வடசென்னையின் விம்கோ நகரையும் விமான நிலையத்தையும் அண்ணா சாலை வழியாக இணைக்கிறது. பச்சை வழித்தடம் சென்ட்ரலிலிருந்து எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலைக்குச் செல்கிறது. இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன.

பயணிகள் எண்ணிக்கை

தொடக்கத்தில் மெட்ரோவில் கூட்டம் குறைவாகவே இருந்தது. கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மட்டும் ஓடிய ரயில், அந்த இரு இடங்களுக்கு நடுவே வேலை உள்ளவர்களுக்கே பயன்பட்டது. தடம் நீண்டபோது நிலைமை மாறியது. முதற்கட்டம் முழுமையடைந்த 2019-இல் சுமார் 3.28 கோடிப் பயணங்கள் பதிவாயின. பெருந்தொற்றால் சில மாதங்கள் சேவை நிறுத்தப்பட்ட 2020-இல் இது 1.18 கோடியாகச் சரிந்தது. பின்னர் 2022-இல் 6.09 கோடியாகவும், 2023-இல் 9.11 கோடியாகவும், 2024-இல் 10.52 கோடியாகவும் உயர்ந்தது. 2024-இன் கணக்கை நாள்வாரியாகப் பிரித்தால் சராசரியாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2.9 லட்சம் பயணங்கள் ஆகும்.

இந்த வளர்ச்சியின் பின்னால் ஓர் எளிய கணக்கு உள்ளது. ஒரே வரிசையில் 7 நிலையங்கள் இருந்தால், புறப்படும் இடமும் சேரும் இடமுமாக 21 இணைகள் மட்டுமே கிடைக்கும். 40 நிலையங்கள் இருந்தால் 780 இணைகள் கிடைக்கும். நிலையங்கள் ஏறத்தாழ ஆறு மடங்காகும்போது, அவற்றைக் கொண்டு செய்யக்கூடிய பயணங்கள் 37 மடங்காகின்றன. இதை வலையமைப்பு விளைவு எனலாம். 2002-இல் ஒரு சிறு தடமாகத் தொடங்கிய தில்லி மெட்ரோ, பல வழித்தடங்களாக வளர்ந்த பிறகே அந்நகரத்தின் முதுகெலும்பாக மாறியது என்பதும் இதையே காட்டுகிறது.

பயண நேரமும் கொள்ளளவும்

மெட்ரோவின் முதல் பயன் வேகம் என்று பலரும் கருதுவர். அதைவிடப் பெரிய பயன் நம்பகத்தன்மை ஆகும். விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்குச் சாலை வழியே செல்பவர், கிண்டியிலும் தேனாம்பேட்டையிலும் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. மெட்ரோவில் அதே பயணம் காலையானாலும் மாலையானாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. தேர்வுக்கோ நேர்முகத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்பவர், 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியதில்லை.

அடுத்தது கொள்ளளவு. சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயில் ஒன்றில் சுமார் 1,270 பேர் பயணம் செய்யலாம். 6 நிமிடங்களுக்கு ஒரு ரயில் எனக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10 ரயில்கள், அதாவது சுமார் 12,700 பேர். ஒரு பேருந்தில் 70 பேர் என்று வைத்துக்கொண்டால், இவர்களை ஏற்றிச் செல்ல 180க்கும் மேற்பட்ட பேருந்துகள் வேண்டும். 20 நொடிக்கு ஒரு பேருந்து என்ற கணக்கு அது. அண்ணா சாலை போன்ற ஒரு சாலையில், மற்ற வாகனங்களுக்கு நடுவே, இது நடக்கக்கூடியதன்று.

மூன்றாவது அணுகுதன்மை. மின்தூக்கி, நடைமேடையும் ரயிலின் தரையும் ஒரே மட்டத்தில் இருத்தல், பார்வையற்றோருக்கான தடித்த தரைக்கோடுகள் ஆகியவை எல்லா மெட்ரோ நிலையங்களிலும் உள்ளன. உயரமான படிகள் கொண்ட பேருந்தில் ஏற முடியாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் முதன்முறையாகப் பிறர் உதவியின்றிப் பயணிக்க இது வழிவகுத்தது. மாநகரப் பேருந்துகளில் தாழ்தளப் பேருந்துகள் 2024-இல்தான் மீண்டும் வரத் தொடங்கின.

சாலை நெரிசல் ஏன் மறையவில்லை?

மெட்ரோ வந்த பிறகும் அண்ணா சாலை வெறுமையாகவில்லை. இதைப் பார்த்து, மெட்ரோவால் பயனில்லை என்று முடிவு செய்வது சரியன்று. போக்குவரத்தியலில் நன்கு அறியப்பட்ட ஒரு விளைவு இங்கே செயல்படுகிறது. சிலர் ரயிலுக்கு மாறும்போது சாலையில் சிறிது இடம் கிடைக்கிறது. அதுவரை நெரிசலுக்கு அஞ்சி வேறு வழியிலோ வேறு நேரத்திலோ சென்றவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். அதே காலத்தில் புதிய வாகனங்களும் வீதிக்கு வருகின்றன. எனவே நெரிசல் ஏறத்தாழப் பழைய அளவுக்கே திரும்புகிறது.

அப்படியானால் மெட்ரோவின் பயன் எங்கே உள்ளது? அதே வழித்தடத்தில் முன்பைவிடக் கூடுதலான மக்கள் பயணம் செய்ய முடிகிறது என்பதில் உள்ளது. நெரிசலில் சிக்க விரும்பாதவருக்கு இப்போது ஒரு மாற்று இருக்கிறது. சாலை நெரிசலையே குறைக்க வேண்டுமானால், மெட்ரோவோடு சேர்த்து வாகன நிறுத்தக் கட்டணம், பேருந்துக்கான தனித் தடம், அகலமான நடைபாதை போன்றவையும் தேவை. லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயில் 1863-இலேயே ஓடத் தொடங்கியது; இருந்தும் அந்நகரம் 2003-இல் மையப் பகுதிக்குள் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்க வேண்டியிருந்தது.

வெள்ளக் காலத்தில் மெட்ரோவின் மதிப்பு தனியாகத் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியபோதும் மெட்ரோ ரயில்கள் ஓடின. ஆனால் பரங்கிமலை நிலையத்தின் நுழைவாயிலில் நீர் தேங்கியதால் அங்கே ஏற முடியாத பயணிகள் ஆலந்தூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. தூண்பாலத்தின் மேல் ரயில் பத்திரமாக ஓடினாலும், அதை அடையும் தெரு நீரில் மூழ்கினால் பயன் குறைகிறது.

பேருந்துகளும் கடைசி மைலும்

வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து சேரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை 'முதல் மைல், கடைசி மைல்' என்பர். ரயிலில் 15 நிமிடம் செல்பவர், நிலையத்தை அடைய 20 நிமிடம் செலவிட்டால், அவர் இருசக்கர வாகனத்தையே விரும்புவார்.

சென்னையில் இந்த இடைவெளியைப் பெரும்பாலும் ஷேர் ஆட்டோக்களும் இருசக்கர வாகனங்களும் நிரப்புகின்றன. நிலைய வாகன நிறுத்தங்களில் காலை நேரத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளே இதற்குச் சான்று. மாநகர் போக்குவரத்துக் கழகம் சில நிலையங்களிலிருந்து சிற்றுந்துகளை இயக்குகிறது. ஆயினும் தூண்பாலத்தின் கீழே நடைபாதை துண்டு துண்டாக இருப்பதும், பேருந்து நிறுத்தம் நிலைய வாசலிலிருந்து தள்ளி இருப்பதும் பல இடங்களில் தொடரும் குறைகள்.

மெட்ரோ வந்ததால் பேருந்தின் தேவை குறைந்துவிடவில்லை. 3,000க்கும் மேற்பட்ட மாநகரப் பேருந்துகள் இன்றும் மெட்ரோவைப் போலப் பல மடங்கு மக்களை ஏற்றிச் செல்கின்றன. மெட்ரோ தடம் இல்லாத நூற்றுக்கணக்கான தெருக்களுக்கு பேருந்தே ஒரே வழி. எனவே மெட்ரோவுக்குச் செலவிடும்போது பேருந்துகளைப் புதுப்பிக்காமல் விடுவது, மரத்துக்கு நீர் ஊற்றிவிட்டு வேரை வெட்டுவது போன்றதாகும்.

கட்டணமும் சமத்துவமும்

2015-இல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்குக் கட்டணம் 40 ரூபாய். சுமார் 10 கி.மீ. தூரத்துக்கு இது மிக அதிகம் என்ற விமர்சனம் எழுந்தது. 2021 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். பயண அட்டை, கியூஆர் குறியீடு போன்றவற்றின் வழியாகச் சலுகைகளும் தரப்பட்டன.

இதை மற்ற போக்குவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்குப் புறநகர் மின்சார ரயிலில் 10 ரூபாயில் செல்லலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ செல்லும் ஒரு பெண்ணுக்கு, நாளொன்றுக்கு மெட்ரோவில் போக வர 60 அல்லது 80 ரூபாய் என்பது மாதத்தில் 1,500 ரூபாயைத் தாண்டிவிடும். அவர் நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்துகிறார். அலுவலக ஊழியரோ பணத்தைக் கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்துகிறார். அரசின் பெரும் முதலீட்டில் உருவான ஒரு வசதியை யார் பயன்படுத்த முடிகிறது என்ற கேள்வி இங்கே எழுகிறது. 2021-இல் தடம் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போன்ற உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளுக்கு நீண்டதும் கட்டணம் குறைக்கப்பட்டதும் ஒரே மாதத்தில் நடந்தன. அதற்கு அடுத்த ஆண்டே பயணங்கள் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தன. பெருந்தொற்றுக்குப் பின் நகரம் இயல்புக்குத் திரும்பியதும் இந்த உயர்வுக்குக் காரணம் என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

வண்டி மாறும்போதெல்லாம் புதிதாகக் கட்டணம் செலுத்துவதும் ஒரு தடை. சிங்கப்பூரில் 2010 முதல், பேருந்தும் ரயிலும் மாறிச் சென்றாலும் மொத்தத் தூரத்துக்கே கட்டணம் கணக்கிடப்படுகிறது. சென்னையில் 2023-இல் 'சிங்காரச் சென்னை' அட்டையும், 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே சீட்டு தரும் 'சென்னை ஒன்று' செயலியும் வந்தன. இது நல்ல தொடக்கம். ஆனால் ஒரே சீட்டு என்பது வேறு, ஒரே கட்டணம் என்பது வேறு. முதலாவது வரிசையில் நிற்பதைத் தவிர்க்கிறது. இரண்டாவதே செலவைக் குறைக்கும்.

கட்டுமானக் காலத்தின் விலை

மெட்ரோவின் தாக்கம் ரயில் ஓடும் நாளில் தொடங்குவதில்லை. தோண்டத் தொடங்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. முதற்கட்டப் பணிகளின்போது அண்ணா சாலையின் சில பகுதிகள் பல ஆண்டுகள் ஒருவழிப் பாதையாக இருந்தன. சாலையோரக் கடைகள் வாடிக்கையாளர்களை இழந்தன. 2017 ஏப்ரலில் சுரங்கப் பணி நடந்த இடத்துக்கு மேலே அண்ணா சாலையில் பள்ளம் விழுந்து, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் அதில் இறங்கின. நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை. 2025 ஜூனில் இராமாபுரம் அருகே இரண்டாம் கட்டப் பணியின் தூண்பால உத்திரங்கள் சரிந்து விழுந்ததில், சாலையில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். வேகமாக முடிக்க வேண்டும் என்ற அழுத்தத்தைவிடப் பாதுகாப்புக்கு முதலிடம் தர வேண்டும் என்பதை இது நினைவூட்டியது.

வெளியூர்ப் பயணிகள்: அரூரிலிருந்து பார்த்தால்

நகர ரயில் நகரவாசிகளுக்கு மட்டும் உரியதன்று. சிகிச்சை, கல்வி, வேலை, அரசு அலுவல் எனத் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் சென்னைக்கு வருகிறார்கள். தருமபுரி மாவட்டத்தின் அரூரை எடுத்துக்கொள்வோம். அரூரில் ரயில் நிலையம் இல்லை. ரயிலில் செல்வோர் மொரப்பூருக்குச் சென்று வண்டி ஏற வேண்டும். அப்படி வருபவர் சென்ட்ரலில் இறங்கினால், அங்கேயே தரைக்குக் கீழே மெட்ரோ நிலையம் உள்ளது. நீல வழித்தடமோ பச்சை வழித்தடமோ பிடித்து நகரின் பல பகுதிகளுக்குச் சென்றுவிடலாம்.

பேருந்தில் வருபவரின் நிலை வேறு. கோயம்பேட்டில் 2002-இல் பெரிய புறநகர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. வெளியூர்ப் பேருந்தையும் நகர ரயிலையும் இணைக்கும் நோக்கில் அதன் வாசலிலேயே மெட்ரோ நிலையம் கட்டப்பட்டது. ஆனால் நகர நெரிசலைக் குறைப்பதற்காக 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டு, திண்டிவனம் வழியாக வரும் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கு மாற்றப்பட்டன. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ இல்லை. விமான நிலையத்திலிருந்து அங்கே நீட்டிக்க வேண்டிய சுமார் 15.5 கி.மீ. தடம் திட்ட நிலையில்தான் இருந்தது. இதனால் திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் பேருந்தில் வரும் அரூர்ப் பயணி, விடியற்காலையில் பைகளோடு இறங்கி, மாநகரப் பேருந்து பிடித்து, அதன் பிறகே மெட்ரோவை அடைய வேண்டும்.

பேருந்து முனையத்தை ஓராண்டில் இடம் மாற்றிவிடலாம். ரயில் தடத்தை அப்படி மாற்ற முடியாது. எனவே இரண்டையும் ஒரே திட்டமாக வகுக்க வேண்டும். இதற்காகவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. ஆனால் அதன் முதல் கூட்டம் 2022-இல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு துறையும் தனித்தனியே திட்டமிட்டதன் விளைவைப் பயணிகள் இன்றும் சுமக்கிறார்கள்.

தருமபுரி மாவட்டத்தார் வேலைக்காக அதிகம் செல்லும் பெங்களூரிலும் இதே அனுபவத்தைக் காணலாம். அங்கே 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் வழித்தடம் ஓசூர்ச் சாலையில் பொம்மசந்திரா வரை வருகிறது. ஓசூர் வழியாகச் செல்பவர்கள் நகரின் நெரிசலுக்குள் நுழையும் முன்பே ரயிலுக்கு மாற முடிகிறது.

இரண்டாம் கட்டமும் பிற நகரங்களும்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளத்துக்கு மூன்று வழித்தடங்களைக் கொண்டது: மாதவரம் – சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில் கிடைத்தது. ஓட்டுநர் இல்லாத ரயில்கள் இந்தக் கட்டத்தில் இயங்கும். இது முழுமையடையும்போது, பழைய மாமல்லபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் மேற்குப் புறநகர்களும் ரயில் வலைக்குள் வரும்.

கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களுக்கான மெட்ரோ திட்ட அறிக்கைகளை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையின்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது சுட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காத நிலையில் பழைய எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வது சரியா என்ற விவாதம் எழுந்தது. மெட்ரோ கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நல்ல பேருந்தும் நடைபாதையும் எல்லா நகரங்களுக்கும் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மதிப்பீடு

பத்தாண்டுகளில் சென்னை மெட்ரோ, நகரின் இரு நெடிய தடங்களில் நம்பகமான, பாதுகாப்பான, எல்லோரும் ஏறக்கூடிய பயணத்தைத் தந்துள்ளது. சாலை நெரிசலை அது நீக்கவில்லை. நெரிசலிலிருந்து விலகிச் செல்ல ஒரு வழியைத் திறந்தது. பேருந்து நிலையத்தோடும் புறநகர் ரயிலோடும் நன்கு இணைந்த இடங்களில் அதன் பயன் கூடியது. இணைப்பு அறுந்த இடங்களில் குறைந்தது. இரண்டாம் கட்டத்தின் வெற்றியை, எத்தனை கி.மீ. தடம் போடப்பட்டது என்பதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. கிளாம்பாக்கத்தில் இறங்கும் பயணியும், குறைந்த கூலிக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணும் அந்த ரயிலில் எளிதாக ஏற முடிகிறதா என்பதே அதற்கான அளவுகோல்.